ரவுடிகள் தளபதிகளான கதை

1975-ல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்ற மூவர் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். எப்படியோ அதற்குள் இரண்டு ரவுடிக் கும்பல்கள் புகுந்துவிட்டன. இரண்டும் ஒரே நேரத்தில் பாய்ந்தால்தான் காரியம் ஆகும். தனியாகப் போனால் தர்ம அடி. பேசிவைத்துக்கொள்ளத் தூதுவனை விட்டால் வேறு வழியில்லை, அவனும் நடுவழியில் மாட்டிக்கொள்ளலாம். "ஆறு மணிக்கு" என்று ஆள் அனுப்பியாயிற்று. போய்ச் சேர்ந்தானா? சேர்ந்தான் என்று பதில் வரவேண்டும். பதில் வந்து சேர்ந்தது என்று பதில் அனுப்பியவனுக்கு யார் சொல்வது? அதற்கு இன்னொரு ஆள். இப்படி ஆள் மேல் ஆளாக எத்தனை பேரை அனுப்பினாலும் இரு தரப்புக்கும் முழு நிச்சயம் பிறக்கவே பிறக்காது என்று காட்டிவிட்டார்கள்.

1978-ல் ஐபிஎம்மில் இருந்த ஜிம் கிரே, டேட்டாபேஸ் பற்றிய தன் குறிப்புகளில் இதே சிக்கலைச் சொன்னார். அவர் சொன்னபோது ரவுடிகள் தளபதிகளாகியிருந்தார்கள். மூன்றே வருடத்தில் இவ்வளவு பதவி உயர்வு என்பது எந்த நாட்டு அரசியலிலும் கொஞ்சம் வேகம்தான்.

இதை மென்பொருள்காரர்கள் எல்லோரும் படித்தார்கள், பரீட்சையில் எழுதினார்கள், வேலைக்குச் சேர்ந்த அன்றே மறந்தார்கள். ஒரு மென்பொருள் தரும் செய்தியை வாங்கி இன்னொன்றிடம் சேர்க்கும் மெசேஜ் புரோக்கர்களின் வரலாறு என்பது பெரும்பாலும் அந்த மறதியின் வரலாறு.

முதலில் மேடைக்கு வந்தவர் மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே. 1980களில் வால் ஸ்ட்ரீட் வியாபாரியின் மேஜையில் ராய்ட்டர்ஸுக்கு ஒரு திரை, டெலிரேட்டுக்கு ஒரு திரை, குவோட்ரானுக்கு ஒரு திரை என்று அடுக்கியிருந்ததில் மேஜை இருந்த இடமே தெரியாது. சர்க்யூட் போர்டில் எல்லா கார்டுகளும் ஒரே 'பஸ்'ஸில் செருகிக்கொள்கின்றனவே, மென்பொருளுக்கும் ஒரு பஸ் விட்டால் என்ன என்று கேட்டார் ரணதிவே. விலை மாறினால், யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் ஒரு தலைப்பின் கீழ் அறிவித்துவிடவேண்டியது; வேண்டியவன் வேண்டிய தலைப்புக்குக் காது கொடுப்பான். அவருடைய டெக்னெக்ரான் கம்பெனியின் 'தி இன்ஃபர்மேஷன் பஸ்' கோல்ட்மன் சாக்ஸ் வரை ஓடியது. 1994-ல் ராய்ட்டர்ஸ் அந்தக் கம்பெனியையே வாங்கிப்போட்டது. திரையைக் குறை என்று சொன்னவனைத் திரைக்காரனே விலை பேசிவிட்டான். அதிலிருந்து 1997-ல் டிப்கோ பிறந்தது. ரணதிவே 2013-ல் சாக்ரமெண்டோ கிங்ஸ் கூடைப்பந்து அணிக்கு முதலாளியானார். செய்தியைக் கைமாற்றிச் சம்பாதித்தவருக்குப் பந்தைக் கைமாற்றுகிறவர்கள் மேல் பிரியம் வந்ததில் வியப்பில்லை.

பங்கு விலை ஒன்று வழியில் தொலைந்தால் யாரும் அழமாட்டார்கள். அடுத்த நொடியே புது விலை வந்துவிடும். ஆர்டரும் பணமும் அப்படியல்ல. 1993-ல் ஐபிஎம் எம்கியூசீரிஸ் என்ற புரோக்கரைக் கொண்டுவந்தது. அதில் போட்ட செய்தி தொலையாது என்றார்கள், பெரும்பாலும் தொலையவில்லை. கோளாறு செய்தியை உள்ளே போடும் அந்த ஒரு கணத்தில் இருந்தது.

தளபதிகள் திரும்பி வந்த இடம் அதுதான். வாடிக்கையாளர் ஆர்டர் போடுகிறார். அதை டேட்டாபேஸில் எழுதவும் வேண்டும், புரோக்கரிடம் சொல்லவும் வேண்டும். முதலில் எழுதிவிட்டுச் சொல்லப்போகும் நேரத்தில் சர்வர் மண்டையைப் போட்டால், பணம் கட்டியவர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கிடங்குக்கு விஷயமே தெரியாது. முதலில் சொல்லிவிட்டு, டேட்டாபேஸ் 'முடியாது' என்று கையை விரித்தால், எங்குமே பதிவாகாத ஆர்டருக்குக் கிடங்கில் சுறுசுறுப்பாகப் பெட்டி கட்டுவார்கள்.

இதற்குப் பெரியவர்கள் கூடி 1991-ல் எக்ஸ்ஏ என்றொரு தரம் போட்டார்கள். அதன் அடிப்படை, ஜிம் கிரேயின் அதே குறிப்புகளில் விளக்கப்பட்ட இரண்டு கட்ட கமிட். "எல்லோரும் தயாரா?" என்று ஒருங்கிணைப்பாளர் கேட்பார். எல்லோரும் கை தூக்குவார்கள். "சரி, செய்யுங்கள்" என்று சொல்வதற்குள் அவர் மயங்கி விழுந்தால், தூக்கிய கையை இறக்கவும் முடியாமல், பூட்டிய டேபிளைத் திறக்கவும் முடியாமல் அத்தனை பேரும் நிற்கவேண்டியதுதான். நடுராத்திரியில் ஒரு அட்மின் எழுந்து வந்து ஒவ்வொரு கையாக இறக்கிவிடுவார்.

2003-ல் ஜேபி மார்கன் வங்கியின் ஜான் ஓஹாரா, புரோக்கர் விற்பவர்களின் பிடியிலிருந்து தப்ப ஏஎம்கியூபி என்ற பொதுமொழியைத் தொடங்கினார். 2007-ல் அதைப் பேசும் ராபிட்எம்கியூ வந்தது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காகப் பிறந்த எர்லாங்கில் எழுதப்பட்டு. மொழியை உருவாக்க உதவிய ஐமேட்ரிக்ஸ் கம்பெனியின் பீட்டர் ஹின்ட்ஜென்ஸ் அடுத்த வருடமே, இது உருப்படாது என்று திட்டினார்; 2010-ல் புரோக்கரே வேண்டாத ஜீரோஎம்கியூ பக்கம் போய்விட்டார். ஏஎம்கியூபி கமிட்டி அசரவில்லை. 2012-ல் ஓயாசிஸ் தரமாக வந்த 1.0 பழைய மொழிக்கு ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை. ராபிட்எம்கியூ பழையதையே பேசிக்கொண்டிருந்தது. ஊரும் அதையே பேசியது.

லிங்க்டுஇன்னில் ஜே கிரெப்ஸ், நேஹா நர்கெடே, ஜுன் ராவ் மூவரும் 2011-ல் திறந்தமூலமாக விட்ட செய்தி சிஸ்டத்துக்குப் பெயர் காஃப்கா. எழுதுவதற்கென்றே கட்டிய சிஸ்டம், ஆகவே எழுத்தாளர் பெயர் என்றார் கிரெப்ஸ். தன் கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் எரித்துவிடு என்று நண்பர் மாக்ஸ் பிராடிடம் சொன்னவர் காஃப்கா. அவர் பெயரைத் தாங்கிய மென்பொருளோ படித்து முடித்த செய்தியையும் ஏழு நாள் பத்திரமாக வைத்திருக்கும். நீங்கள் மாற்றிச் சொல்லாதவரை அதுதான் கணக்கு. எக்ஸ்ஏ பற்றிக் கேட்டால் அதற்குக் காதே கேட்காது.

இதற்கிடையே கூட்டுக்குடும்பம் உடைந்தது. 2014 மார்ச்சில் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபௌலரும் மைக்ரோசர்வீஸ் பற்றி எழுதியதும், ஒரே அப்ளிகேஷனில் ஒற்றுமையாக இருந்த ஆர்டர், ஸ்டாக், பில்லிங் எல்லாம் ஆளுக்கொரு தனிக்குடித்தனம் போயின. அடுத்த அறையில் இருந்தவரை ஒரு குரல் கொடுத்தால் போதும். இப்போது காஃப்கா மூலம் நலம் விசாரித்தார்கள். 2015 ஜூனில் அதே ஃபௌலர், முதலில் ஒற்றை அப்ளிகேஷனாகத் தொடங்குவதே நல்லது என்று எழுதினார். அதற்குள் பாத்திரபண்டம் லாரியில் ஏறியிருந்தது.

தனிக்குடித்தனம் வெறுத்துத் திரும்பி வந்தவர்களுக்கு ஒரே கூரை, தனித்தனி அறை என்று ஏற்பாடு. ஆலிவர் ட்ரோட்போம் முன்னின்று செய்த, அதற்கான ஜாவா கருவியான ஸ்பிரிங் மாடுலித் 2023-ல் 1.0 ஆனது. அறைகளான மாட்யூல்கள் உள்ளுக்குள் ஈவென்ட் அனுப்பிக்கொள்ளும். வெளியே தெரியவேண்டியதன் தலையில் 'எக்ஸ்டர்னலைஸ்டு' என்று எழுதி ஒட்டினால் அது காஃப்காவுக்கோ ராபிட்எம்கியூவுக்கோ போகும். இந்த வசதி அதே வருடம் 1.1-ல் வந்தது. தளபதிகளுக்கு என்ன வழி என்று பார்த்தால், அசந்துபோவீர்கள்: டேட்டாபேஸில் ஒரு டேபிள். ஆர்டரை எழுதும் அதே டிரான்ஸாக்ஷனில் 'இதை இன்னாருக்குச் சொல்லவேண்டும்' என்று ஒரு வரி. இரண்டும் சேர்ந்து நிற்கும், இல்லை சேர்ந்து அழியும். பிறகு சாவகாசமாக புரோக்கரிடம் சொல்லிவிட்டு, அந்த வரியில் முடித்த தேதியைப் போடவேண்டும். தேதி காலியாக இருந்தால் மறுபடி அனுப்பலாம். அனுப்பும் கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றாமல் எந்தக் குமாஸ்தாவும் தபால் பையைக் கட்டியதில்லை. அங்கே வந்து சேரத்தான் இத்தனை வருடம்.

ஓட்டை இல்லாமலில்லை. அனுப்பியபின், தேதி போடுவதற்குள் கரண்ட் போனால் அதே செய்தி இரண்டாம் தடவையும் போகும். பெறுகிறவர்தான் 'இது நேற்றே வந்ததாயிற்றே' என்று கண்டுகொள்ளவேண்டும். முடிந்த வரிகளும் தாமாக மறையவில்லை. டேபிள் பெருத்துக்கொண்டே போயிற்று. 1.3-ல் அழித்துவிடலாம் அல்லது ஆர்க்கைவ் டேபிளுக்கு மாற்றலாம் என்று வழி வைத்தார்கள். அந்த ஆர்க்கைவ் டேபிளை யார் காலி செய்வது என்பது உங்கள் பாடு.