பால் எந்தப் பக்கம் பொங்கியது?

பம்மலில் புது வீட்டைச் சோதிக்கும் பொறுப்பைப் பாலிடம் ஒப்படைத்திருக்கிறோம். கிரகப்பிரவேசத்தன்று விடியற்காலையில் பால் பொங்கும்போது வந்திருக்கும் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். கிழக்கே வழிந்தால் நல்லது, வடக்கே வழிந்தால் இன்னும் நல்லது. பக்கத்துக் குளியலறையில் கால் கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை. அது பெரும்பாலும் ஹாலுக்குப் போகிறது.

என் மச்சினன் இங்கே ஒரு ஃப்ளாட் வாங்கினான். இரண்டு கிரவுண்டு மனை, கீழே கார் நிறுத்த இடம், மேலே எட்டு வீடு. சாவி கிடைத்தது வைகாசியில். வைகாசியில் பம்மலில் எந்த வீடும் ஒழுகாது. சுவரில் ஓதம் ஏறாது, கதவு உப்பாது. அந்த வெயிலில் அட்டைப் பெட்டியைக்கூட வீடு என்று விற்றுவிடலாம்.

பணம் கொடுக்கும் முன் வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பியது. அவர் வந்தார், கட்டடம் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது, போய்விட்டார். சுவரின் ஈரத்தை அளக்கும் மீட்டர், வெப்பக் கேமரா எல்லாம் வைத்துக்கொண்டு வீட்டை அறை அறையாகச் சோதித்துக் கொடுக்கும் ஆட்கள் இப்போது சென்னையில் இருக்கிறார்கள், ஒருவரைக் கூப்பிடலாமே என்றேன். "தண்டச் செலவு மாமா" என்றான். விசேஷத்துக்கு டிரோன் கேமராவுக்குச் சொல்லியிருந்தான்.

அந்த டிரோன் படம்தான் அந்த வீட்டுக்கு நடந்த ஒரே தொழில்நுட்ப ஆய்வு என்பது பிறகுதான் தெரிந்தது. பந்திக்காக முந்தைய இரவு மொட்டை மாடியைக் கழுவிவிட்டிருந்தார்கள். வடிகுழாய் ஒரு மூலையில் இருக்க, தண்ணீர் எதிர் மூலையில் குளமாகத் தேங்கி நின்றது. அதில் வானம் அழகாகத் தெரிந்ததால் வீடியோக்காரர் அந்தக் காட்சியை மெதுவாக ஓடவிட்டு, பின்னணியில் புல்லாங்குழல் சேர்த்திருந்தார்.

உருப்படியாகச் சோதித்தது மதுராந்தகத்திலிருந்து வந்த பெரியத்தைதான். வீடு சுற்றிப் பார்க்கிற சாக்கில் ஐந்து ரூபாய்க் காசால் தரையைத் தட்டிக்கொண்டே போனார்.

"தம்பி, இந்த டைல்ஸுக்கு அடியில ஒண்ணுமே இல்லியே. சத்தம் பொள்ளலா வருது."

"அது இன்னும் செட்டாகலம்மா. போகப்போக செட்டாயிடும்" என்றார் பில்டர்.

"சன்னல் இழுக்க வரலியே?"

"புதுசும்மா. பழகணும்."

"செவுத்துல கோடு கோடா இருக்கே?"

"பெயின்ட் அடிச்சா மறைஞ்சிடும்மா."

பெரியத்தை அதற்கு மேல் பேசவில்லை. மொய்க் கவரைத் திறந்து, வைத்திருந்ததில் பாதியை எடுத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

கார்த்திகையில் அவர் தட்டிய டைல்ஸ் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டது. படுக்கையறைச் சுவர் கை வைத்தால் ஒட்டியது. வாசல் கதவு சாத்த முடியாமல் உப்பியது. போன் செய்தால், "மழை சார், எல்லா வீட்லயும்தான்" என்கிறார் பில்டர்.

சென்னைக்கு வருகிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் 1-ல் தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. இப்படி ஒரு சோதனைச்சாலையை இயற்கை இலவசமாக நடத்துகிற ஊரில் நாம் வைகாசியிலும் தையிலும் சாவி வாங்குகிறோம். பஞ்சாங்கத்தைக் குறை சொல்லாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் வீடு குடிபோக ஏற்ற மாதங்கள்தான். வாஸ்து புருஷன்கூட ஐப்பசி 11-ம் தேதியும் கார்த்திகை 8-ம் தேதியும் கண் விழிக்கிறார். பஞ்சாங்கம் தடுக்கவில்லை, பந்தல்காரர்தான் தடுக்கிறார்.

சட்டமும் இருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016. அதன் 14-வது பிரிவுப்படி, வீடு கைக்கு வந்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை கண்டு சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். தராவிட்டால் எழும்பூரில் உள்ள ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் மனை 500 சதுர மீட்டருக்குள், வீடுகள் எட்டுக்குள் என்றால் திட்டத்தை அங்கே பதிவு செய்யவே தேவையில்லை. இரண்டு கிரவுண்டு என்பது சுமார் 446 சதுர மீட்டர். வீடு எட்டு. எங்கள் பகுதி பில்டர்களுக்குச் சட்டம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பதிவு எண் இல்லாத வீட்டுக்காரருக்கு மிஞ்சும் வழி செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையம். அங்கே இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும்.

லண்டனில் இருக்கும் சித்தப்பா பையன், அங்கெல்லாம் புது வீட்டுக்குப் பத்து வருட உத்தரவாதம் வழக்கம், அதில் முதல் இரண்டு வருடம் பில்டரே வந்து சரிசெய்ய வேண்டும் என்கிறான். அப்படியிருந்தும் சாவி வாங்குமுன் ஆள் வைத்துக் குறைகளைப் பட்டியல் போடுகிறார்களாம். இங்கே உத்தரவாதம், "நான் எங்க சார் ஓடிடப் போறேன்?" என்ற ஒரு வாக்கியம்.

சாவி வாங்கும் நாளில் பார்க்க முடியாததும் உண்டு. பூச்சு வேலைக்கு முன் பார்த்தால்தான் தூணில் கான்கிரீட் இறங்காமல் ஜல்லி பல்லிளிப்பது தெரியும். குளியலறையில் டைல்ஸ் போடுமுன் பாத்தி கட்டித் தண்ணீரை ஒரு நாள் முழுக்க நிறுத்தினால்தான் கீழ்வீட்டுக் கூரை கசிவது தெரியும். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பம்மலுக்குத் தொலைவில் இல்லாத மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, வேலை நடந்துகொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழை மாலையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள்.

ஆகவே வீடு வாங்கப் போகிறவர்களே, சாவியை எந்த மாதத்தில் வேண்டுமானாலும் வாங்குங்கள். கடைசித் தவணையை மட்டும் கார்த்திகை முடிந்து தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பில்டர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். அதற்கும் வழியில்லை, சோதனை செய்யும் ஆட்களுக்குக் கொடுக்கவும் மனசு வரவில்லை என்றால், ஒரு தபால் அட்டை போடுங்கள். பெரியத்தை வருவார். போகவர வண்டிச் சத்தமும் ஒரு ஐந்து ரூபாய்க் காசும் கொடுத்தால் போதும்.