‘மெமரி போதவில்லை’ என்னும் நூற்பாவுக்கு ஒரு விருத்தியுரை

பாயிரம்

விண்டோஸ் கணினி உள்ள வீடுகளில் திரையின் நடுவே அவ்வப்போது ஒரு நூற்பா தோன்றும். கணினியில் மெமரி குறைந்துவிட்டது, கோப்புகளைச் சேமித்துவிட்டு இன்னின்ன புரோகிராம்களை மூடுக என்பது அதன் கருத்து. கண்டவுடன் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்துவதே வழிவழி வந்த மரபாதலின், இதை இறுதிவரை படித்தவர் அரியர். உரை தேவைப்படுவது இதனால்தான்.

பிறர் கொள்கையும் மறுப்பும்

அழிப்புவாதிகள் என்போர், எச்சரிக்கை வந்ததும் பேரனின் காதுகுத்துப் படங்களை அழிக்கத் தொடங்குவர். படங்கள் கிடப்பது டிஸ்க்கில்; ஆல்பத்தையே அழித்தாலும் ராம் இம்மியும் கூடாது.

அணைப்புவாதிகள், ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ என்பர். பாதி சரி. ஆனால் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்கரு டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே எழுந்து வரும். டிரைவர் ஒன்று மெமரியை விழுங்கிக்கொண்டிருந்தால் அதுவும் கூடவே எழும். ஆகவே ‘ரீஸ்டார்ட்’ கொடுப்பதே முறை.

கொள்முதல்வாதிகள், ‘ராம் போட்டா சரியாயிடும் சார்’ என்பர். இவர்களிற் பலர் கடை வைத்திருப்பவர். டிடிஆர்4 ராம் டிடிஆர்3 ஸ்லாட்டில் நுழையாது. வெட்டு வேறிடத்தில் இருக்கும். வீட்டு விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு செருகினாலும் அது கண்டுகொள்ளாது.

நூற்பாவின் பொருள்

புரோகிராம்கள் மெமரி கேட்கும். விண்டோஸ் ‘தருகிறேன்’ என்று வாக்களிக்கும். கொடுத்த வாக்கெல்லாம் சேர்ந்து, ராமும், ராமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கிவைத்த பேஜ்ஃபைலும் கூடிய அளவைத் தாண்டக்கூடாது. ராம் 8 ஜிபி, பேஜ்ஃபைல் 2 ஜிபி என்றால் எல்லை ஏறத்தாழ 10 ஜிபி. எச்சரிக்கை எழுவது ராம் நிரம்பியதால் அன்று. வாக்குகள் எல்லையை நெருங்குவதால். ராமில் இடம் மிச்சமிருக்கும்போதும் இது தோன்றுவதன் மர்மம் இதுவே.

பேஜ்ஃபைல் வழக்கமாக இருப்பது சி டிரைவில். அது நிரம்பினால் பேஜ்ஃபைல் வளர இடமிராது. எனவே அழிப்புவாதிகளுக்கு அரை மதிப்பெண் உண்டு. காதுகுத்துப் படங்கள் டி டிரைவில் இருந்தால் அதுவும் இல்லை.

வரலாறு

இல்லாத மெமரியை இருப்பதுபோல் காட்டும் இக்கலை, 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினியிலேயே உண்டு. அது காந்த உருளையையும் மைய மெமரியையும் ஒன்றெனக் காட்டியது.

1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கிக்கொண்டிருந்த அப்பல்லோ 11 கலத்தில் ‘1202’ என்ற எச்சரிக்கை ஒளிர்ந்தது. ரேடார் ஒன்று கணினியின் நேரத்தைத் தின்றதால் வேலைகள் தேங்கி, புதிய வேலைக்கு ஒதுக்க மெமரித் தொகுதி இல்லாமற் போயிற்று. எழுதி அழிக்கத்தக்க மெமரி மொத்தமே 2,048 சொற்கள். கணினி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்து, அவசியமற்ற வேலைகளை உதறிவிட்டு, இறக்கும் வேலையை மட்டும் தொடர்ந்தது. எதை உதறுவது என்பதை அங்கே முன்கூட்டியே எழுதிவைத்திருந்தனர். நம் வீடுகளில் அந்த ஏற்பாடு இல்லை.

கள ஆய்வு

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்த, டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘மெமரி’ என்ற தலைப்பைச் சொடுக்கினால் பெருந்தீனிக்காரர் மேலே வருவர். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கணினியில் முதலிடம் பிரவுசருக்கு. அதன் டேப்கள்: என்றோ லாக்அவுட் ஆகிவிட்ட ரயில் முன்பதிவுப் பக்கம், மகள் தேர்ச்சி பெற்றுவிட்ட தேர்வின் முடிவுப் பக்கம், தாளிப்புக்கு முன் நிறுத்தப்பட்ட வத்தக்குழம்பு வீடியோ. ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘கமிட்டட்’ என்ற இடத்தில் 9.4/9.9 ஜிபி என்றிருந்தது. முதல் எண் கொடுத்த வாக்கு, இரண்டாவது எல்லை.

தீர்வு

சேமித்தல் முன், மூடுதல் பின். வேலையே செய்யாத புரோகிராம் மணிக்கு மணி ஊதிக்கொண்டே போனால் அது மெமரிக் கசிவு. அதைப் புதுப்பிக்க, இன்றேல் நீக்குக. கணினியோடு தாமாக எழும் செயலிகளை ‘ஸ்டார்ட்அப்’ பட்டியலில் முடக்குக. வேகம் கூடும் என்று யாரோ சொல்லக்கேட்டு பேஜ்ஃபைலை நிறுத்தியிருந்தால், அதன் அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி மாற்றுக. இவ்வளவுக்குப் பிறகும் அன்றாட வேலையிலேயே ராம் நிரம்பி வழிந்தால் மட்டும் கடைக்குப் போகலாம்.

முடிபு

நோயின் காரணம் இடமின்மையை விட வாக்குமிகுதியே என்பது இவ்வுரையின் துணிபு. மருந்து டேப்களை மூடுதல். களத்தில் ஒவ்வொரு டேப்புக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார். ஒவ்வொருவரும் அடுத்தவருடையதை மூடச் சொன்னார். யாருடையதை முதலில் மூடுவது என்ற வினா கணினியியலைச் சார்ந்ததன்று, குடும்பவியலைச் சார்ந்தது. ஆதலின் அதற்கு ஈண்டு உரை எழுதப்படவில்லை.