வேர்களுக்குத் திரும்புதல்

லண்டனில் வங்கி வேலையை உதறிவிட்டு 'வேர்களுக்குத் திரும்பும்' நைஜீரிய வம்சாவளி இளைஞர் முதலில் இறங்குவது அங்காரா துணி வியாபாரத்தில். கண்ணைப் பறிக்கும் அந்த மெழுகச்சுத் துணியில் கோட்டு தைத்து விற்பார். பாட்டி உடுத்திய துணியாயிற்றே! அதன் பூர்வீகத்தைக் கிளறினால்தான் வம்பு. ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து ஐரோப்பியர் எந்திரத்தில் அச்சடித்த சரக்கு அது. அதில் பேர்போன விலிஸ்கோ நிறுவனம், 1846இல் நெதர்லாந்தின் ஹெல்மண்ட் ஊரில் தொடங்கியது.

டோகோவின் லோமே சந்தைப் பெண்கள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. மொத்தமாக வாங்கினார்கள், ஒவ்வொரு டிசைனுக்கும் தாங்களே பெயர் வைத்தார்கள், லாபத்தில் மெர்சிடிஸ் ஓட்டி 'நானா பென்ஸ்' என்று பெயரெடுத்தார்கள். நம்மவரோ இன்னும் தன் இணையதளத்தின் 'எங்கள் கதை' பக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார். முதலீட்டாளருக்கு ஆப்பிரிக்க மணம் போதவில்லையாம். அம்மா மட்டும் ஞாயிறுதோறும் விசாரிக்கிறார், வங்கியில் அந்த இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்களா என்று.