ஆடி மாதத்து அநாதைகள்

திண்டுக்கல் எதைச் செய்தாலும் நன்றாகச் செய்யும் ஊர். பூட்டு செய்கிறது, தோல் பதனிடுகிறது, நூல் நூற்கிறது, பிரியாணி போடுகிறது. பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் சத்தமில்லாமல் நடக்கும் இன்னொரு உற்பத்திக்குத்தான் இன்னும் யாரும் குறியீடு கேட்டு விண்ணப்பிக்கவில்லை. அந்தச் சரக்கின் பெயர் அநாதை. அசல் ஏற்றுமதித் தரம். சரக்கு மட்டும் வெளிநாடு போகாது. வாங்குகிறவர் விமானம் ஏறி வருவார்.

சீசன் ஜூலை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அப்போதுதான் கோடை விடுமுறை. சபை வாலிபர்கள் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் அடித்து, கேக் விற்றும் கார் கழுவியும் பணம் திரட்டி, திக்கற்ற பிள்ளைகளுக்கு ‘சம்மர் கேம்ப்’ நடத்தக் கிளம்பி வருகிறார்கள். நமக்கு அது ஆடி பிறக்கும் நேரம். ஒட்டன்சத்திரம் பக்கம் காற்று ஆளையே தள்ளும். அந்தக் காற்றில் கலர் பேப்பர் ஒட்டி நோவாவின் பேழை செய்யச் சொல்வார்கள்; பேழை மிதக்காது, பறக்கும். அதைவிடப் பெரிய வேடிக்கை, நம் பிள்ளைகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் திறந்து பாடம் ஓடிக்கொண்டிருக்கும். லீவு மே மாதம்தானே, அப்போது வரலாமே என்றால், திண்டுக்கல் மே மாத வெயில் வந்தவர்களுக்கு ஆகாது. வெள்ளைக்காரத் தம்பி மேல் வெயில் படாமலிருக்க, நம்மூர்த் தம்பி மேல் பாடம் படாமல் போகிறது.

பழனி சாலையில் ஒரு ஹோம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டீம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. ஒரு சுவரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அது டீம் அடிப்பதற்கு. போன வருஷ டீமும் அதே சுவருக்குத்தான் அடித்தது, அதற்கு முந்தின வருஷ டீமும் அப்படியே. இதுவரை ஏறிய பெயிண்டைச் சுரண்டினால் தனியாக ஒரு சுவரே எழுப்பிவிடலாம். ஊர் பெயிண்டர் எதிர் டீக்கடையில் வேலையில்லாமல் உட்கார்ந்து, என்ஜினியரிங் படிக்கும் பையன் பிரஷ் பிடிக்கும் அழகை வேடிக்கை பார்க்கிறார்.

உள்ளே இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். கழுத்தில் தொங்கும் பேட்ஜில் ஜோஷுவா என்றிருக்கிறது. அவன் பெயர் பாண்டி. ஸ்பான்சர் வாயில் பாண்டி நுழையவில்லை, அதனால் மாற்றிவிட்டார்கள். அம்மா எங்கே என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை வார்டன் ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறார்: “நோ மம்மி, ஒன்லி ஜீசஸ்.” மம்மி வேடசந்தூர் பக்கத்து நூற்பாலை ஒன்றில் நைட் ஷிப்ட் பார்க்கிறாள். புருஷன் செத்தவள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாழைப்பழத்தோடு வந்து, பிள்ளை தலையைத் தடவிவிட்டுப் போகிறவள். அவளை வாசலிலேயே நிறுத்தி வார்டன் சொல்கிறார்: “டீம் வர்ற வாரம் இந்தப் பக்கம் வந்துடாதம்மா. போட்டோவுல விழுந்தேன்னா எல்லாம் கெட்டுப் போயிரும்.”

பத்து நாள் முகாம் முடிந்து பஸ் ஏறும்போது வந்தவர்கள் எல்லாரும் பாண்டியைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். கேமராவும் அழுகிறது. தங்கள் வாழ்க்கையையே இந்தப் பிள்ளைகள் மாற்றிவிட்டார்கள் என்று ஊர் போய்ச் சாட்சி சொல்கிறார்கள். மாறட்டும், சந்தோஷம். பாண்டி வாழ்க்கையில் மாறியது ஒன்றுதான்: கட்டிப்பிடிக்கிறவர்கள் எல்லாரும் பஸ் ஏறிப் போய்விடுவார்கள் என்பதை எட்டு வயதுக்குள் பிழையில்லாமல் படித்துவிட்டான்.

கதை என்று தள்ளிவிட முடியாது. திருச்சியில் மோஸே மினிஸ்ட்ரீஸ் என்ற இல்லம் இருந்தது. உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கொலையிலிருந்து காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் என்று 89 பெண்பிள்ளைகளை அங்கே வைத்திருந்தார்கள். 2015இல் விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது, சி.பி.ஐ. வந்தது, மரபணுப் பரிசோதனை வந்தது. செத்துப் பிழைத்ததாகச் சொல்லப்பட்ட பிள்ளைகள் பலருக்கு உசிலம்பட்டிப் பக்கம் அப்பா அம்மா உயிரோடு இருந்தார்கள். அநாதை என்பதற்கு அத்தாட்சி நன்கொடை நோட்டீஸ். அம்மா உண்டு என்பதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டியிருக்கிறது.

அதற்கும் முன்னால், 2007இல், தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவதைப் பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரை உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாகப் போய் வழக்கானது. தீர்ப்பு வந்தது 2017 மே மாதம். பத்து வருஷம். வழக்கு தொடங்கியபோது எட்டு வயதாயிருந்த பிள்ளை, தீர்ப்பு வந்தபோது சட்டத்தின் கண்ணில் பிள்ளையே இல்லை. இல்லங்களை எல்லாம் அந்த வருஷக் கடைசிக்குள் பதிவு செய்து முடியுங்கள் என்றது நீதிமன்றம். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில் நாடு முழுக்க 9,589 இல்லங்கள். முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 1,647. எதில்தான் நாம் முதலிடம் வாங்கவில்லை?

சட்டத்தில் குறையில்லை. பதிவு இல்லாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை ஊரறியச் செய்தால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் என்கிறது அதன் 74ஆவது பிரிவு. வந்த தம்பி தன் ஊரில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பெற்றோரைக் கேட்காமல் படம் எடுத்துப் போட்டால் அந்தப் பெற்றோர் வந்து கதவைத் தட்டுவார்கள். இங்கே பாண்டியின் முகம், பெயர், ஜெபக் குறிப்பு எல்லாம் அந்தத் தம்பியின் வலைப் பக்கத்தில் ஏறுகிறது, தட்டுவதெல்லாம் லைக்தான். உலகம் விழித்துக்கொள்ளாமலும் இல்லை. நவீன அடிமைத்தனத்துக்கு எதிராகச் சட்டம் போட்ட 2018ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா, அநாதை இல்லங்களுக்கு ஆள்பிடிப்பதையும் அந்த வரிசையில் வைத்தே பேசியது. 2019இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் அநாதை இல்லத் தொண்டுச் சுற்றுலாவால் வரும் தீங்குகளைத் தடுக்கச் சொன்னது. பழனி சாலைக்குத் தபால் இன்னும் வந்து சேரவில்லை.

இதைச் சொன்னால் மதத்தைத் திட்டுகிறான் என்பார்கள். மதத்தை நாலு வரி படித்தவன் கேட்கிறேன். பைபிளில் யாக்கோபு தன் நிருபத்தில் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஒரே மூச்சில்தானே சொன்னார்? பிள்ளைக்குக் கேம்ப் போட்டாயிற்று, விதவைக்கு எங்கே கேம்ப்? அவள் மில் வேனில் தூங்கி விழுந்துகொண்டு போகிறாள். அவளோடு செல்பி எடுத்தால் யாரும் காணிக்கை போட மாட்டார்கள். ஆகவே வசனத்தைப் பாதியாக வெட்டி, விற்கிற பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளைக்காரர் வந்ததே தப்பு என்பதும் என் கட்சியில்லை. மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்தார். 1951இல் அங்கேயே மண்ணானார். ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. அந்த அம்மையார் நடத்திய முகாம் 55 ஆண்டுகள். வத்தலக்குண்டைத் தாண்டினால் ஜி.கல்லுப்பட்டி. பிரதர் ஜேம்ஸ் கிம்ப்டன் அங்கே ஆதரவற்ற பெண்களையே வளர்ப்புத் தாய்களாக்கி, வீடுவீடாகப் பிள்ளைகளை ஒப்படைத்தார். ஊர்க்காரர்களுக்கு வீடு கட்டினார், கிணறு போட்டார். 2017இல் சாகும்வரை பெட்டி கட்டவில்லை. இவர்களோடு விவாதம் செய்ய நிறைய இருக்கிறது. ஆனால் ரிட்டர்ன் டிக்கெட்டோடு வந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

நம் உள்ளூர்ப் புண்ணியவான்களையும் விட்டுவிடக் கூடாது. மகன் பிறந்தநாளுக்கு அண்டா பிரியாணியோடு ஹோமுக்குப் போகிறோம். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, கேக் வெட்டும்வரை பசியோடு கைதட்டச் சொல்லி, ஸ்டேட்டஸ் போட்ட பிறகு பரிமாறுகிறோம். வாங்குவதில் நமக்கும் கடல் கடந்து வருகிற டீமுக்கும் மத பேதமே கிடையாது. அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வரும் மொத்த வியாபாரி. நாம் வாராவாரம் போகும் சில்லறை வியாபாரி.

கணக்குக்கு வருவோம். அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பிள்ளை தன் வீட்டிலேயே வளர ஸ்பான்சர்ஷிப்பாக மாதம் 4,000 ரூபாய் உண்டு. வருஷத்துக்கு 48,000. கடல் கடந்து ஒருவர் வந்துபோகும் விமானக் கட்டணம் சுமார் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தர் வராமல் இருந்தாலே இரண்டு பாண்டிகள் ஒரு வருஷம் அம்மா கையால் சாப்பிடுவார்கள். பத்துப் பேர் டீம் வீட்டிலிருந்தே ஜெபித்தால் இருபது பிள்ளைகள். ஆனால் அப்படி அம்மாவும் பிள்ளையும் சேர்ந்துவிட்டால் ஹோமில் ஆளிருக்காது, சுவர் சும்மா கிடக்கும், சாட்சி சொல்ல ஊரில் ஒருவனும் இருக்க மாட்டான். தர்மம் நின்றுபோகாமல் இருக்கத்தான் தாயும் பிள்ளையும் பிரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

இனி வருகிற டீமும், பிரியாணி அண்டாவோடு போகிற நாமும் வாசலில் நின்று மூன்றே மூன்று கேட்போம். இல்லத்தின் பதிவுச் சான்று. இந்தப் பிள்ளையை இங்கே சேர்க்கச் சொன்ன குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு. பிள்ளையின் அம்மா போன் நம்பர். முதலிரண்டையும் எடுத்துக் காட்டி, அம்மாவையும் பேசவைத்தால் உள்ளே போவோம். சிரித்து மழுப்பி, டீ சாப்பிடுங்க பிரதர் என்றால், அந்த டீயைத் தொடாமல் வெளியே வந்து 1098க்குப் போன் போடுவோம். அந்த நம்பருக்குக் காசில்லை.