உடல் புதுப்பேட்டை, உயிர் ஆர்.டி.ஓ.

சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய புல்லட்டைப் பிறக்க வைப்பது சுலபம். ஒரு கடையில் சேசிஸ், அடுத்த சந்தில் எஞ்சின், எதிர்க்கடையில் பெட்ரோல் டேங்க். டேங்கில் பழைய முதலாளி ஒட்டிய முருகன் ஸ்டிக்கர்கூட அப்படியே இருக்கும். "ஆர்.சி. எங்கேண்ணே?" என்றால், "வண்டியை ஓட்டப் போறீங்களா, ஆர்.சி.யை ஓட்டப் போறீங்களா?" என்பார் கடைக்காரர். நியாயமான கேள்விதான். பதில்தான் ஆர்.டி.ஓ. ஆபீசில் இருக்கிறது.

பழம்பெரும் வண்டிகளுக்கென்றே 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் கூடாது. அதாவது, நம்மூர் ரோட்டில் அரை நூற்றாண்டு ஓடியும் கைபடாத வண்டி! மூன்று வண்டிகளின் பிணத்திலிருந்து எழுந்து வந்தவருக்கு எதை முதல் பதிவு என்பது? கழுத்தில் பொறித்த சேசிஸ் எண் ஒரு ஊரைச் சொல்லும், எஞ்சின் எண் வேறு மாநிலத்தைச் சொல்லும்.

தேறிவிட்டால் 20,000 ரூபாய் கட்டணம், 'வி.ஏ.' என்று நம்பர் பிளேட்டில் பட்டம், 10 ஆண்டு ஆயுள். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், பேரணிக்குப் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம். பெட்ரோல் போட்டுவிட்டு எங்கே போவது என்று மட்டும் கேட்காதீர்கள்.

சேசிஸுக்கு விலை பேசும் முன் அதன் ஆர்.சி.யைக் கேளுங்கள். இல்லையென்றால் கண்காட்சிக்குக்கூடத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.