குஞ்சம் வச்ச தொப்பிக்கு என்ன பாட்டு?

வாப்பா பேராண்டி, உக்காரு. கையில என்ன, காயிதம் முழுக்கப் பாட்டுப் பட்டியலா? யூகேஜி பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு விழாவாக்கும்! நீ பாட்டுக் கமிட்டியாக்கும்! சரிதான். அஞ்சு வயசுல பட்டம் குடுத்துட்டா, பத்து வயசுல பென்சன் குடுத்துருவீகளோ?

கோவிச்சுக்காத. பட்டியலைப் படி.

முதல்ல இங்கிலீஷ் மார்ச்சா? அமெரிக்காவுல அதைத்தான் போடுறாகளா? அது எல்கர்னு ஒரு வெள்ளைக்காரர் கட்டுன மெட்டு. 1901ல லிவர்பூல்ல முதல் தடவை வாசிச்சாக. மறு வருசம் ஏழாம் எட்வர்டு ராசாவுக்கு முடிசூட்டு. அந்தச் சமயத்துல பென்சன்னு ஒரு புலவர் அதே மெட்டுக்கு வரி எழுதுனார். என்ன வரிங்கிற? பிரிட்டிஷ் ராஜ்யம் இன்னும் இன்னும் விரியணுமாம்! பாரதி பிறந்த எட்டயபுரத்துக்குப் பக்கத்துல பள்ளிக்கூடத்தை வச்சுக்கிட்டு, அதுக்கா பிள்ளைகள நடக்க விடப் போற?

இன்னொண்ணும் கேளு. 1905ல யேல் பல்கலைக்கழகத்துல எல்கருக்கு டாக்டர் பட்டம் குடுத்தாக. விழா முடிஞ்சு எல்லாரும் வெளிய போகையில இந்த மெட்டை வாசிச்சாக. மத்த ஊர்க்காரங்களும் பிடிச்சுக்கிட்டாக. வெளிய போறதுக்கு வாசிச்சதை இப்ப உள்ள வாறதுக்குப் போடுறாக. ஏன்னு யாராச்சும் கேட்டாகளா? பக்கத்துப் பள்ளிக்கூடத்துல போட்டா நாமளும் போட்டுற வேண்டியதுதானே!

ரெண்டாவது மல்லாரியா? பண்பாட்டைக் காப்பாத்த ஒரு அப்பா கிளம்பிட்டார் போல. நல்ல மனுசன். ஆனா மல்லாரிங்கிறது சாமி புறப்பாட்டுக்கு நாகசுரத்துல வாசிக்கிறது. கம்பீரநாட்டை ராகம். பின்னாலயே பல்லக்கு ஆடி அசைஞ்சு வரணும். இங்க பின்னால வாறது யாரு? தண்ணி பாட்டில் தூக்குன வாண்டு. அதுக்கு ஓடத் தெரியும், இல்லன்னா உக்காரத் தெரியும். ஆடி அசைஞ்சு நடக்க அதுக்கு எங்க நேரம்?

மூணாவது, பிரிவுப் பாட்டு. ‘பசுமை நிறைந்த நினைவுகளே’, 1963ல வந்த ‘இரத்தத் திலகம்’ படத்துப் பாட்டு. அதுக்கடுத்து ‘முஸ்தபா முஸ்தபா’, 1996ல வந்த ‘காதல் தேசம்’. ரெண்டும் காலேஜ் பிள்ளைக பாட்டு. ஏலேய், இங்க யாரு யாரை விட்டுப் பிரியுறா? ஜூன் மாசம் அதே வேன், அதே ஆயா, அதே பள்ளிக்கூடம். வராந்தாவுக்கு அந்தப் பக்கத்து ரூம்புக்கு மாறுது பிள்ளை. உண்மையிலேயே பிரிஞ்சு போறது உன் பணம் ஒண்ணுதான். அழணும்னா நீ அழு.

நாலாவது ‘ஒவ்வொரு பூக்களுமே’யா? 2004ல ‘ஆட்டோகிராப்’ படத்துல வந்தது. எழுதுன பா. விஜய்க்கும் பாடுன சித்ராவுக்கும் தேசிய விருது கிடைச்ச பாட்டு. மனசு உடைஞ்சவனைத் தூக்கி நிறுத்துற பாட்டுப்பா அது. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அப்படி என்ன உடைஞ்சு போச்சு? பென்சில் முனையா?

போன வருசம் ஒரு விழாவைப் பாத்தேன். பந்தலுக்குள்ள புழுக்கம். கறுப்பு அங்கி தரையைக் கூட்டுது. தொப்பி மூக்கு வரைக்கும் இறங்கிருச்சு. முன்னால வந்த பிள்ளை தொப்பிக் குஞ்சத்தை வாயில போட்டுச் சப்பிக்கிட்டே வருது. பாட்டு போன்ல இருந்து ஓடுது. பாதியில நின்னு, ‘உடனடிக் கடன் வேண்டுமா?’ன்னு ஒரு பொம்பளைக் குரல் ஸ்பீக்கரே கிழியுற மாதிரி கேட்டுச்சு. பீஸு கட்டி நொந்து போயிருந்த அப்பன்மாரு அம்புட்டுப் பேரும் நிமிந்து பாத்தாக! அன்னைக்கு வேற எந்தப் பாட்டுக்கும் அந்தக் கவனிப்பு இல்ல.

அதனால சொல்றேன், கேட்டுக்கோ. பாட்டைப் பென் டிரைவ்ல ஏத்திச் சவுண்டு சர்வீஸ்காரன் கையில குடு. ஊர்க் கல்யாணம், கோயில் கொடைன்னு எல்லாம் பாத்தவன். உன் கமிட்டியை விட அவனுக்கு வெவரம் சாஸ்தி. நாப்பது பிள்ளை நடந்து முடிக்க எம்புட்டு நேரமாகுதுன்னு ஒருக்கா நடக்க விட்டுப் பாரு. நாலு நிமிசப் பாட்டு தீந்துட்டா மிச்சப் பிள்ளைக ஊமைப் படத்துல வாற மாதிரி நடக்கணும்.

தமிழ்த்தாய் வாழ்த்தைப் பிள்ளைகளையே பாடச் சொல்லு. மோகன ராகம், 55 விநாடி. 2021ல அரசாணையே போட்டுருக்காக, ரெக்கார்டு போடாம வாயால பாடணும்னு. ஸ்ருதி சேரலைன்னா என்ன, தமிழ்த்தாய் கோவிச்சுக்கிடுவாளா?

நடக்குறதுக்கு எந்தப் பாட்டுன்னு என்னையக் கேக்காத. காலையில வேன்ல பிள்ளைக தொண்டை கிழியப் பாடிட்டு வருதே, அந்தப் பாட்டை வை. பாட்டு நடக்குறவன் காலுக்குத்தான். படம் பிடிக்கிறவன் போனுக்கு இல்ல. பிள்ளைக்குத் தெரிஞ்ச பாட்டுன்னா கால் தன்னால போகும். தெரியாத பாட்டுன்னா, மேடைக்கு நடுவுல நின்னு அம்மாவைத் தேடும்.

பட்டியலை மடிச்சு வை. இப்ப அழைப்பிதழைக் காட்டு. பாட்டு நாலு நிமிசம். சிறப்பு விருந்தினர் பேச்சு நாப்பது நிமிசம். ரெண்டு வாரமா ராத்திரி முழுக்க வாட்சப்புல நீங்க சண்டை போட்டது எதுக்கு? அந்த நாலு நிமிசத்துக்கு! கத்திரிக்கோலை எங்க வைக்கணும்னு நான் வேற சொல்லணுமாக்கும்?