லைசென்ஸ் அண்ணாச்சி

பஜாரில் ஜெராக்ஸ் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ‘லைசென்ஸ் அண்ணாச்சி’ என்று கேளுங்கள், டீக்கடைப் பையன்கூட வழி சொல்வான். புதிதாகக் கடை போடுகிறவர் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் இவரிடம்தான் வருவார்.

அந்த ரெக்சின் பைக்குள் என்னதான் இல்லை! 20 ரூபாய்ப் பத்திரம், ஸ்டாம்ப் பேடு, பாதி காய்ந்த கோந்து, யார் யாருடையதோ பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ‘புரொப்ரைட்டர்’ என்று மட்டும் வெட்டிய ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று. எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்.

‘சிறுதொழில்களுக்குச் சிவப்பு நாடா ஒழிப்பு’ என்று பேப்பரில் செய்தி வந்தால் மனிதர் பதறுவார் என்று நினைப்பீர்கள். அன்றைக்குக் கூடுதலாக ஒரு வடை சாப்பிடுவார். அனுபவம் அப்படி. சிறுதொழிலைப் பதிய மாவட்டத் தொழில் மையத்தில் பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று மனுப் போட்ட காலம் போய், 2015-ல் ஒரே பக்கத்தில் ‘உத்யோக் ஆதார்’ வந்தது. அந்த ஒரு பக்கத்தை நிரப்பித் தரச் சொல்லி ஆள் வந்தது. 2020 ஜூலையில் அதையும் எடுத்துவிட்டு ‘உத்யம்’ என்றார்கள்; பழையவர்களும் மறுபடி பதியவேண்டும். அந்த வருஷம்தான் அண்ணாச்சி மாடிக்கு டைல்ஸ் போட்டார். தொழில் அனுமதிகளுக்குத் தமிழ்நாடு 2018-ல் சட்டமே போட்டு ஒற்றைச் சாளரம் திறந்தபோதும் அசரவில்லை. “சாளரம் ஒண்ணுதான். எட்டிப் பாக்க ஆள் வேணும்லா?”

முறுக்குச் சுடும் அக்கா ஒருவர் வருகிறார்.

“அண்ணாச்சி, உத்யம் இலவசம்னு எம்மவன் சொல்லுதான்.”

“இலவசம்தான் தாயி, யாரு இல்லன்னா? என்.ஐ.சி. கோடுன்னு தொழிலுக்கு ஒரு நம்பரு கேக்கும். முறுக்குக்கு எந்த நம்பருன்னு உம்மவனுக்குத் தெரியுமா?”

மகன் பி.இ. முடித்தவன். தெரியாது.

“அந்த நம்பருக்குத்தான் ஐநூறு.”

அடுத்து ஓடிபி. போனில் வந்த ஆறு இலக்கத்தையும் அக்கா பஜாருக்கே கேட்கும்படி வாசிக்கிறார். சற்று நேரத்தில் சான்றிதழ் திரையில் வந்துவிடுகிறது. உடனே கொடுத்தால் அதற்கு மரியாதை இருக்காது என்பது அண்ணாச்சி கொள்கை. “செவ்வாக்கெழம வாங்க, மேல பேசி வாங்கித் தாரேன்.” செவ்வாய்க்கிழமை லேமினேஷன் போட்டுத் தருவார். அதற்குத் தனிக் காசு.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். 2023-ல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 மத்திய சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்தி, பல குற்றங்களுக்குச் சிறைக்குப் பதில் அபராதம் போதும் என்றது. நாமெல்லாம் தலைப்புச் செய்தியோடு நிறுத்திக்கொண்டோம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை குறைந்தபட்ச அபராதத் தொகை பத்து சதவீதம் ஏறும் என்று உள்ளே ஒரு வரி இருப்பதை அண்ணாச்சி படித்திருக்கிறார். கடைக்காரர்களிடம் முன்பெல்லாம் “உள்ள போகணும்” என்பார். இப்போது “ஏறிக்கிட்டே போகும்” என்கிறார். அரசிதழை ஆதியோடந்தமாகப் படிக்கிற வேறு ஆளை எங்கள் பஜாரில் நான் பார்த்ததில்லை.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உத்யம் பதிவு ஆதார், பான் எண்களை வைத்து நீங்களே செய்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது, புதுப்பிக்கவும் வேண்டியதில்லை. “ரெனியூவல் வந்துட்டு” என்று போன் வந்தால், பேசுவது அண்ணாச்சிதான்.